கடலை மிட்டாய் டீச்சர்

டீச்சர், நான் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லப் போகிறேன். அதைக் கேட்டால் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். பிலோமினா சிஸ்டர் ஊசித் தட்டோடு ஓடி வந்து, "யாரும்மா அது, இதென்ன ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா?" என்று அதட்டுகிற அளவுக்குச் சிரிப்பீர்கள். அது உறுதி. ஆனால் இப்போது சொல்ல மாட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். நேராக அதைச் சொன்னால் சப்பென்று இருக்கும். முதலில் உங்களுக்கு என் குரலைத் தெரிய வேண்டும். பிறகு என் வியாதியை. அதற்கும் பிறகு, அதோ அந்தக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற டாக்டர் நவநீதனை. அவரைத்தான் நான் இன்றைக்கு... பார்த்தீர்களா, வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

டீச்சர் என்று கூப்பிடலாம் இல்லையா? பக்கத்தில் உட்கார்ந்ததுமே "நீங்க ரிட்டயர்டு டீச்சர்தானே?" என்று கேட்டேன். சிரிக்காமல் தலையாட்டினீர்கள். கேட்டிருக்கவே வேண்டாம். கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, சங்கிலியில் தொங்குகிற கண்ணாடி, வராந்தாவில் யார் போனாலும் "நேரா நட" என்று சொல்லப் போவது போல ஒரு பார்வை. என்ன பாடம்? சயின்ஸா? நினைத்தேன். ஊர் நாகர்கோவில் பக்கமா? அதையும் நினைத்தேன். நீங்கள் "பொறவு?" என்று இழுக்கிற இழுப்பிலேயே தெரிகிறது. எங்கள் ஊரிலிருந்து ஆரல்வாய்மொழியைத் தாண்டிவிட்டால் எல்லாருக்கும் "பொறவு"தான்.

சொல்கிறேன், சொல்கிறேன்.

என் பெயர் இசக்கியம்மாள். பன்னிரண்டாம் வகுப்பு. வள்ளியூருக்குப் பக்கத்தில் ஊர். அப்பா சுடலைமுத்து மைக் செட் வைத்திருக்கிறார். கோயில் கொடைத் திருவிழா, கல்யாண வீடு, சடங்கு வீடு, எந்த மாடியில் குழாய் கட்டியிருந்தாலும் அது எங்கள் குழாய்தான். குழாயில் வருகிற அறிவிப்பு என்னுடையது. எனக்குப் பல் முளைப்பதற்கு முன்னாலேயே "ஹலோ, மைக் டெஸ்டிங்" முளைத்துவிட்டது என்று அம்மா சொல்வாள்.

யார் குரலாக இருந்தாலும் ஒருதரம் கேட்டால் போதும், வந்து தொண்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். காட்டட்டுமா? ஒன்றே ஒன்று. அதிகம் செய்தால் குரல் மூக்குக்குள் போய்விடும். அதுதான் என் வியாதி, அதற்கு வருகிறேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நாகர்கோவில் செல்லும் பயணிகள் ரயில் இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்." எப்படி? அந்த எதிர்வரிசைத் தாத்தா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார் பாருங்கள். உட்காருங்க தாத்தா, உங்க வண்டி இல்ல!

வீட்டில் யாரையும் விட்டதில்லை. திரைக்குப் பின்னால் நின்று அப்பா குரலில் "ஏளா கோமு, ஒரு காப்பி போடு" என்பேன். அம்மா போட்டுக்கொண்டு வந்து திண்டில் வைத்துவிட்டுப் போவாள். அப்பா அப்போது பணகுடியில் மரத்தின் மேல் குழாய் கட்டிக்கொண்டிருப்பார். காப்பியைக் குடித்துவிட்டு அவர் குரலிலேயே "சீனி கம்மி" என்றும் சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் ஹெச்.எம். தங்கபுஷ்பம் டீச்சர். தங்கமானவர். குரல் மட்டும் முழுக்க மூக்கு வழி. ஒருநாள் ஆபீஸ் ரூமில் ஆள் இல்லை, மைக் இருந்தது. நான் என்ன செய்யட்டும்? "பிள்ளைகளா, இன்னைக்குக் கடைசி ரெண்டு பீரியடும் கிடையாது. சத்தம் போடாம வரிசையா வீட்டுக்குப் போங்க." பாதிப் பள்ளிக்கூடம் கேட்டைத் தாண்டிவிட்டது. பி.டி. சார் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் டீச்சரே கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டு, "நான் எப்பச் சொன்னேன்?" என்று நின்றார்.

இதற்குச் சிரிக்கலாம். மாட்டீர்களா? மறுபடியும் "பொறவு?"தானா? சரி, இது சின்னச் சிரிப்பு. பெரியது பின்னால் வருகிறது.

பத்தாம் வகுப்பு ஆண்டு விழா. எனக்கென்று தனியாக மேடை கொடுத்திருந்தார்கள். மைக் செட் எங்களுடையது, அப்பா ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நிற்கிறார். பஸ் கண்டக்டர் செய்தேன், கைதட்டு. தேங்காய் ஏலம் விடுகிறவர் செய்தேன், விசில். மீன்காரி செய்துகொண்டிருக்கும்போது குரல் மூக்குக்குள் ஏறியது. நான் ஏற்றவில்லை, டீச்சர். அதுவாக ஏறியது. கூட்டம் "ஹெச்.எம். டீச்சரு! ஹெச்.எம். டீச்சரு!" என்று கத்துகிறது. தொண்டையைச் செருமினேன். இன்னும் மூக்கு. "இல்ல, நான் அவங்கள மாதிரிப் பண்ணல, எனக்கு என்னமோ பண்ணுது" என்று மைக்கில் சொன்னேன். அதையும் மூக்கிலேயே சொன்னேன். பந்தலே ஆடியது. முன்வரிசையில் தங்கபுஷ்பம் டீச்சர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். பிறகு எழுந்து போய்விட்டார்.

அவ்வளவு பெரிய கைதட்டல் அதற்கு முன்னால் நான் வாங்கியதே இல்லை. மேடைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் குடித்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஒருதரம் செய்து காட்டச் சொல்வார்கள்.

என்ன டீச்சர், மேலே எதைப் பார்க்கிறீர்கள்? பல்லியா? எங்கே? ஃபேன் கொக்கிக்குப் பக்கத்திலா? ஆமாம், ஏதோ தெரிகிறது. உங்கள் தலைக்கு நேர் மேலே. பல்லி என்றால் பயமா? இத்தனை பிள்ளைகளை மேய்த்துவிட்டுப் பல்லிக்குப் பயப்படுகிறீர்களே! கவலைப்படாதீர்கள், நான் அதன் மேலேயே கண் வைத்திருக்கிறேன். நகர்ந்தால் உடனே சொல்கிறேன். எனக்கு மேலே பார்த்துக்கொண்டே கதை சொல்லத் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. சாயங்காலம் ஆனால் இடது கண்ணின் இமை கடை ஷட்டர் மாதிரிக் கீழே இறங்கிவிடும். கணக்கு சார், நான் அவரைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று ஹெச்.எம்.மிடம் போய்விட்டார். பாவம், அவருக்கு அடுத்த மாதம் ஓய்வு. தலை சீவக் கையைத் தூக்கினால், கை பாதி வழியில் "நீயே சீவிக்கோ" என்று இறங்கிவிடும். நான் சொல்கிற ஒன்றையும் யாரும் நம்பவில்லை. "நடிக்காதட்டி" என்பாள் அம்மா. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வராத அப்பாவுக்குக் காப்பி போட்டவள்.

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? காலையில் எல்லாம் சரியாகிவிடும். தூங்கி எழுந்தால் நான் புது பேட்டரி. டாக்டர்களைப் பார்ப்பது எல்லாம் காலையில். கண் டாக்டரிடம் போனால் கண் திறந்திருக்கும். தொண்டை டாக்டரிடம் போனால் தொண்டை பாடும். ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஒருவர் "பரீட்சைப் பயம்" என்றார். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "டாக்டர், நீங்க ஒருநாள் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வாங்க, காட்டுதேன். ராத்திரிச் சாப்பாடும் போடுதேன்" என்று கூப்பிட்டுவிட்டாள். அவர் வரவில்லை. வந்திருந்தால் முறுக்கும் போட்டிருப்பாள், நான் தின்ன முடியாத முறுக்கு. பாதி கடிப்பதற்குள் தாடை வேலை நிறுத்தம் செய்துவிடும். கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவேன்.

கடலை மிட்டாயா? எனக்கா? கோவில்பட்டிச் சரக்கா டீச்சர்? ஐயோ, இது கல் மாதிரி இருக்குமே. கொடுங்கள், கொடுங்கள், முடிகிற வரைக்கும் தின்கிறேன். பல்லி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

நறுக்கென்று இருக்கிறது. ம்.

எங்கே விட்டேன்? ஆங், டாக்டர் நவநீதன். தங்கபுஷ்பம் டீச்சருக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லித்தான் இங்கே, மதுரைக்கு வந்தோம். இது லட்சத்தில் சிலருக்கு வருகிற வியாதியாம், அதற்கென்றே தனியாகப் படித்தவராம். உள்ளே போனால் சின்ன ஆள், சென்னைக்காரர், வாயைத் திறந்தால் "சூப்பர்மா! செம!" எல்லாவற்றுக்கும் சூப்பர்தான். "டாக்டர், அவளுக்குக் கண்ணு சொருகுது." "சூப்பர்மா!" அம்மா என்னைப் பார்க்கிறாள், நான் அம்மாவைப் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்று. அதுவரைக்கும் பார்த்த எல்லாரும் "மிமிக்ரியை முதல்ல நிறுத்து" என்றுதான் சொன்னார்கள். இவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, "செய்ம்மா, கேக்கலாம்" என்றார். செய்தேன். முடித்தால் "பொறவு?" என்கிறார். இன்னொன்று செய்தேன். "பொறவு?" மீன்காரி வரும்போது குரல் மூக்கில் ஏறியது, இமை இறங்கியது. சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்த முதல் ஆள் அவர்தான். ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு என் இமை மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தார். டீச்சர், ஷட்டர் மேலே போய்விட்டது! அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். பிறகு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "ஐஸ் வச்சா சரியாவும்னா எங்க வீட்டுலயே பிரிட்ஜ் இருக்கே டாக்டர், இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே" என்றாள்.

"வைத்தியம் இல்லம்மா, இது சோதனை. ஜில்லுனு இருந்தா இந்த நரம்புச் சிக்கல் கொஞ்ச நேரம் அடங்கும்" என்றார். வியாதிக்குப் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "மயஸ்தீனியா கிராவிஸ் எக்ஸ்பிரஸ் வழக்கம் போல் மாலை நேரத்தில் வந்து சேரும். தாமதத்திற்கு வருந்துகிறோம்." இன்னொருதரமா? ரயில்காரம்மா குரலிலேயேவா? குரல் போய்விடும் டீச்சர், மிச்சக் கதையைக் கையால்தான் சொல்ல வேண்டியிருக்கும். சரி, உங்களுக்காக. "மயஸ்தீனியா கிராவிஸ் எக்ஸ்பிரஸ்..." போதும் போதும்.

அப்பாவுக்குத்தான் புரியவில்லை. "மூளை சரியா இருக்கு, தசையும் சரியா இருக்குங்கீங்க, பொறகு என்னதான் கோளாறு?" என்றார். டாக்டர் அப்பாவின் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார். "மைக் நல்லாருக்கு, ஸ்பீக்கரும் நல்லாருக்கு. நடுவுல வயரைச் சொருகுற பின்னு இருக்குல்ல, அதை இந்தப் பொண்ணோட உடம்பே குடைஞ்சு குடைஞ்சு லூசாக்கி வெச்சிருக்கு. காவல்காரனே வீட்டுக்காரனைத் திருடன்னு நெனச்சு அடிக்கிற மாதிரி." அப்பா முகம் தெளிந்துவிட்டது. "அப்போ ஈயத்தை உருக்கி ஒரு சால்டர் வச்சிருவோமா டாக்டர்?"

"சூப்பர் சார்!"

சால்டர் இல்லை, மாத்திரை. ஒன்று, தின்று கொஞ்ச நேரத்தில் பலம் கொடுத்துச் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இன்னொன்று, மாதக்கணக்கில் மெதுவாக அந்தக் காவல்காரனை உட்கார வைக்கும். அதைத் தின்றால் முகம் பன் மாதிரி உப்பிவிடும். இப்போது வடிந்துவிட்டது, அப்போது பார்த்திருக்க வேண்டும்.

பையா? பிடிக்கிறேன், கொடுங்கள். நீங்கள் கண்ணாடித் துணியைத் தேடுங்கள். மடியில் வைக்கக் கூடாதா? உள்ளே பிரசாதமா? சரி, இப்படித் தள்ளி நீட்டிப் பிடித்துக்கொள்கிறேன். மெதுவாகத் தேடுங்கள், அவசரமே இல்லை.

சொல்கிறேன் டீச்சர், எனக்கு வராத குரல் ஒன்றே ஒன்று உண்டு. டாக்டர் நவநீதனின் குரல். "சூப்பர்மா" வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறவு?" மட்டும் வராது. எத்தனைதரம் செய்தாலும் அவர் சொல்கிற மாதிரி இருக்காது. யோசித்துப் பார்த்தேன். அது அவர் குரலே இல்லை. மற்றப் பேச்செல்லாம் சென்னை, அந்த ஒரு சொல் மட்டும் வேறு யாருடையதோ. எனக்குக் காது உண்டு, டீச்சர், நான் சொல்கிறேன், அந்த மனிதர் யாரையோ காப்பியடிக்கிறார். அவருக்கே தெரியாமல். தொழில்காரிக்குத் தொழில்காரனைத் தெரியாதா?

நீங்கள் ஏன் கைக்குட்டையால் வாயை மூடுகிறீர்கள்? இருமலா? தண்ணீர் குடியுங்கள். எனக்கும் ஒரு மடக்கு. அண்ணாந்து குடிக்கிறேன், எச்சில் படாது.

துணி கிடைத்ததா? இந்தாருங்கள் பை.

போன ஆடி மாசம் மோசம். சளி பிடித்தது, மூச்சு வாங்கியது, இங்கேயே வார்டில் போட்டுவிட்டார்கள். கையில் ஊசி, மூக்கில் குழாய். அப்பாதான் சொன்னார், "ஏளா, ஊருக்கெல்லாம் நான் குழாய் கட்டுனேன், உனக்கு இவங்க கட்டிட்டாங்களே" என்று. சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். தங்கபுஷ்பம் டீச்சர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். நான் "வாங்க டீச்சர்" என்றேன், மூக்கில். அவர் "எப்படிம்மா இருக்கே" என்றார், மூக்கில். ரெண்டு பேரும் ரொம்ப நேரம் ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில்காரி எங்களை அம்மாவும் மகளும் என்று நினைத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் அம்மன் கொடை. நான் பிறந்து, பேசத் தொடங்கி, என் குரல் இல்லாமல் நடந்த ஒரே கொடை. திருநெல்வேலியிலிருந்து யாரோ ஒரு பெண் குரலில் அறிவிப்பெல்லாம் பதிவு செய்து பென் டிரைவில் வாங்கி வந்தார்களாம். அப்பா ஒருதரம் போட்டுக் கேட்டாராம். நிறுத்திவிட்டாராம். கொடை முடியும் வரைக்கும் அவரே பேசினாராம். அப்பாவுக்கு மைக் கட்டத்தான் தெரியும், பேசத் தெரியாது. "அன்னதானம் நடைபெறுகிறது, அனைவரும் வருக" என்பதைப் போலீஸ் சுற்றி வளைத்துவிட்ட மாதிரிச் சொல்வார். பாதிப்பேர் சாப்பிட வரவில்லையாம்.

வருகிற செவ்வாய்க்கிழமை இந்த வருஷக் கொடை.

போன தடவை வந்தபோது டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "அடுத்த விசிட்ல குரல் நிக்கலன்னா மறுபடி அட்மிட் பண்ணி டிரிப்ஸ் போடணும்மா. நெஞ்சுக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு, அதை எடுக்கிற ஆபரேஷனைப் பத்தியும் பேசணும்." அடுத்த விசிட் இன்றைக்கு. இன்றைக்கு அட்மிட் ஆனால் செவ்வாய்க்கிழமை யார் மைக்கில்? சுற்றி வளைத்த போலீஸ்தான்.

இப்போதுதான் டீச்சர், சிரிப்பு. காதைக் கொடுங்கள்.

அவருடைய பரீட்சை எல்லாம் எனக்கு மனப்பாடம். மேலே பார் என்பார். கையை நீட்டு என்பார். ஒரே மூச்சில் எண்ணு என்பார். ஒரு பக்கம் சத்தமாக வாசி என்பார். கேள்வித்தாள் முன்னாலேயே வெளியாகிவிட்ட பரீட்சை. அதனால் என்ன செய்தேன்? குரலைச் சேமித்தேன்! முந்தாநாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மனுக்கு மௌன விரதம் என்று எழுதிக் காட்டினேன். அம்மாவுக்கு உடம்பெல்லாம் பக்தி. நான் பேசவில்லை என்று அப்பாவும் பேசவில்லை, பக்கத்து வீட்டுக்காரியும் கிசுகிசு என்றுதான் பேசினாள். வீடே கோயில் மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அந்தப் பலம் கொடுக்கிற மாத்திரை. காலையில் தின்ன வேண்டியதைத் தின்னாமல் கையில் வைத்திருந்து, இந்த ஆஸ்பத்திரி வாசலில் முழுங்கினேன். உள்ளே கூப்பிடும்போது சரியாக உச்சத்தில் நிற்கும் இல்லையா? பேட்டரி ஃபுல், சார்ஜரும் சொருகியிருக்கிறது! வாசித்தேன் பாருங்கள், மணி மணியாக. அவர் "சூப்பர்மா! செம! வெளிய உக்காரு, கூப்பிடறேன்" என்றார். ஏமாந்துவிட்டார், டீச்சர்! அவ்வளவு படித்தவர், லட்சத்தில் சிலருக்கு வருகிற வியாதியைக் கண்டுபிடிக்கிறவர், என்னிடம் ஏமாந்துவிட்டார்!

சிரியுங்கள்.

இதற்குமா சிரிப்பு வரவில்லை?

என்ன கேட்டீர்கள்? சேமிக்காமல் பேசினால் என்ன ஆகும் என்றா?

தெரியாது.

இல்லை, உண்மையாகவே தெரியாது. வார்டிலிருந்து போன பிறகு நான் குரலைக் கடைசிவரை செலவு செய்ததே இல்லை. பாதியில் நிறுத்திவிடுவேன். கூட்டாளிகள் செய்து காட்டச் சொன்னால் ஒன்று செய்துவிட்டு "மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்பேன். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று வாளி விட்டுப் பார்த்தால்தானே தெரியும்? நான் வாளியே விடவில்லை. பார்த்து, இல்லை என்று ஆகிவிட்டால்? அதுவரைக்கும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம் அல்லவா? நல்ல யோசனைதானே? அதற்கு ஏன் முகம் அப்படி மாறுகிறது?

இன்றைக்கு மட்டும்தான் இப்படிப் பேசுகிறேன். பரீட்சை முடிந்துவிட்டது, அவர் சூப்பர் சொல்லிவிட்டார், இனி குரல் மூக்கில் போனாலும் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா மருந்து வாங்கிக்கொண்டு வந்தால் பஸ் ஏற வேண்டியதுதான்.

கொடை அறிவிப்பா? முழுசுமா? இங்கேயா? மைக் இல்லாமல் எப்படி... சரி. நீங்கள் ஒருத்தர்தான் நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டீர்கள், ஒருதரம்கூடச் சிரிக்காவிட்டாலும். கேளுங்கள்.

"அன்பார்ந்த பக்தகோடிப் பெருமக்களே! நமது ஊர் அருள்மிகு இசக்கியம்மன் திருக்கோவில் ஆடிக் கொடை விழாவிற்கு வருகை தந்திருக்கும் உங்கள் அனைவரையும் விழாக் குழுவின் சார்பில் வருக வருக என வரவேற்கிறோம். தற்பொழுது வில்லிசைக் குழுவினர் மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கோவிலின் பின்புறம் அன்னதானம் நடைபெறுகிறது. தாய்மார்கள் குழந்தைகளின் கையை விடாமல் பிடித்துக்கொள்ளவும். மஞ்சள் சட்டை போட்ட ஒரு சிறுவன் மேடைக்கு அருகில் அழுதுகொண்டு நிற்கிறான், பெயர் கேட்டால் 'அம்மா' என்று மட்டும் சொல்கிறான், அந்த அம்மா எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும். ஒலி ஒளி அமைப்பு, உங்கள் சுடலைமுத்து."

அந்தத் தாத்தா கைதட்டுகிறார்! நன்றி தாத்தா.

பிலோமினா சிஸ்டர் வருகிறார். போச்சு, இப்போது அதட்டப் போகிறார். அதட்டவில்லை. சிரித்துக்கொண்டே போகிறாரே? உங்களைப் பார்த்துத் தலைகுனிந்து கும்பிட்டுவிட்டு வேறு போகிறார்.

டீச்சர், இருங்கள். நான் எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்? எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் தின்ற மாத்திரைகூட இந்நேரம் இறங்கியிருக்குமே. மருந்துக்கடை அந்தத் திருப்பத்தில்தானே இருக்கிறது, அம்மா ஏன் இன்னும் வரவில்லை? அதோ நிற்கிறாள். தூணுக்குப் பின்னால். முந்தானையை எதற்கு வாயில் அடைத்துக்கொண்டு நிற்கிறாள்?

கேளுங்கள் டீச்சர். கா. பா. "மீனு வாங்கலையோ, மீனு." மீன்காரி குரல்கூட ஏறவில்லை. மூக்கில் போகவே இல்லை. இடது இமை மட்டும் கொஞ்சம் கனக்கிறது, அந்தப் பல்லியையே பார்த்துக்கொண்டிருந்ததால். அந்தப் பல்லி...

அது பல்லி இல்லை. பெயின்ட் உரிந்த இடம்.

கடலை மிட்டாய் முழுசும் தின்றுவிட்டேன். தண்ணீர் தொண்டை வழியாகத்தான் போனது. பையைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். பிரசாதம் என்றீர்களே, ஏதாவது வாசனை வந்ததா அதில்?

உங்கள் டோக்கன் எங்கே டீச்சர்? டோக்கனே இல்லையா?

டாக்டர் ரூம் கதவு ஏன் திறந்திருக்கிறது? நான் சாத்திவிட்டுத்தானே வந்தேன்? அவர் ஏன் அங்கே நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு, வகுப்புக்குத் தாமதமாக வந்த பையன் மாதிரி?

என்ன சொன்னீர்கள்? செவ்வாய்க்கிழமை கொடைக்கு நீங்களும் வருகிறீர்களா? மைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியா? கட்டாயம்... என்ன? மாத்திரையை வாசலில் தின்கிற வேலை இனிமேல் வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஐயோ.

சிரிக்கிறீர்களே! இப்போது போய்ச் சிரிக்கிறீர்களே!

டீச்சர், "பொறவு" என்று ஒருதரம் சொல்லுங்கள். இன்னொருதரம்.

டீச்சர்... நீங்கள் யாருக்கு டீச்சர்?